உப்புப் பார்க்கும் விரல்

அந்த மனிதரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது குமட்டல்தான். செத்து நாலு வருஷமாகிறது, இப்படியா எழுதுவாய் என்று என் கணவர் கேட்கிறார். செத்துப்போனதால் அந்த விரல்கள் சுத்தமாகிவிடவில்லை.

வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். ரேகைகளுக்குள் கறுப்பு இறங்கி நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. நகக்கண்ணில் எப்போதும் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். ஸ்கூட்டரோ தண்ணீர் பம்போ, எந்த இன்ஜினைக் கண்டாலும் அனுமதி கேட்காமல் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவுவார். ஒரு சொட்டை அந்த இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்ப்பார். மூக்கருகே கொண்டுபோவார். பிறகு நாக்கு நுனியில் வைப்பார். ஆமாம், நாக்கில்தான். பாயசத்துக்குச் சர்க்கரை போதுமா என்று பார்ப்பவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார்.

"உப்பு இல்ல" என்பார்.

முதல்முறை இதை என் ஸ்கூட்டருக்குச் செய்தபோது நான் கேட்டேன். "ஸ்கூட்டருக்குள்ள உப்பு எப்படி மாமா வரும்?"

"இன்ஜின்னா உப்புப் பாக்கணும் தாயி. கடத்தண்ணி உள்ள பூந்துருச்சுன்னா மொதல்ல நாக்குதேன் சொல்லும்."

"இது ரோட்டுல ஓடறது."

"ரோட்டச் சுத்தி என்ன கெடக்கு?"

அந்தமான் தீவில் எந்த ரோட்டைச் சுற்றியும் கடல்தான் கிடக்கிறது. அன்று வாழைக்காய் பஜ்ஜி போட்டிருந்தேன். தட்டை நீட்டினேன். அதே விரல்களால் ஒன்றை எடுத்தார். மஞ்சள் மாவின் மேல் கறுப்பு ரேகை பதிந்ததை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அவர் சாவகாசமாகத் தின்றுவிட்டுக் கையை எங்கள் கேட்டில் துடைத்தார். மீதி பஜ்ஜியை நான் தொடவில்லை.

டாலிகஞ்சில் எங்கள் லைன் வீடுகளில் எல்லாருக்கும் அவர் டிரைவர் மாமா. கார் ஓட்டியவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்குக் கார் ஓட்டவே தெரியாது. தீவுக்குத் தீவு போகும் அரசாங்க போட்டில், கீழே இன்ஜின் அறையில் இருப்பவரை இங்கே டிரைவர் என்பார்கள். மேலே சுக்கான் பிடிப்பவர் வேறு. வேலைக்காலம் முழுவதையும் அந்தக் கீழ் அறையிலேயே கழித்து ரிட்டயர் ஆனவர். மகனும் ஒரு போட்டில் அதே வேலைக்குச் சேர்ந்திருந்தான். குடும்பத்துக்குப் பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். பேச்சில் அந்த ஊர் அப்படியே இருந்தது. நடுநடுவே இந்தி மட்டும் ஏறிக்கொண்டது. அந்த இந்தியில் அவருக்கு மிகவும் பிடித்த சொல் 'சலேகா'. ஓடும், போதும், சமாளிக்கலாம், யார் பார்க்கப்போகிறார்கள் என்று எல்லாவற்றுக்கும் அவருக்கு அந்த ஒரு சொல் போதும்.

ஓடினால் அது அவர் ஊற்றிய ஆயில். ஓடாவிட்டால் அவர் அங்கே இருந்ததே இல்லை. இந்த ஒரு குணத்தைத்தான் சொல்ல வருகிறேன். மற்றதெல்லாம் விரலில் ஒட்டிய பிசுக்கு மாதிரி கூடவே வருகிறது.

சௌல்தாரி கிராமத்தில் ஒரு விவசாயி இருந்தார், என் கணவரின் ஹார்டுவேர் கடையில் வேலிக்கம்பி வாங்குகிறவர். அவருடைய பவர் டில்லருக்கு மாமா எல்லாருக்கும் கொடுக்கும் தன் ஆயிலைக் கொடுத்தார். உழவு நேரத்தில் வயலின் நடுவில் அது புகைந்து, இறுகி, நின்றுவிட்டது. கம்பி இறக்கப் போன என் கணவரோடு மாமாவும் அன்று போயிருந்தார். சேற்றில் இறங்கிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் குச்சியை உருவி, தேய்த்து, நாக்கில் வைத்து, துப்பினார்.

"எவன்டா ஊத்துனது இத?" என்று கேட்டார்.

அந்த விவசாயி சொன்னாராம், "நீங்கதான் அண்ணே குடுத்தீங்க."

"நான் குடுத்தேன்டா. ஊத்துனது நீதான?"

என் கணவர் இதை வீட்டில் சிரித்துச் சிரித்துச் சொன்னார். நானும் சிரித்தேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். அடுத்தவர் வயலில் நின்ற வண்டிதானே.

அந்த ஆயில் எங்கள் லைனுக்கே தெரிந்த விஷயம். பழைய தேங்காயெண்ணெய் பாட்டிலில் நிறைத்து, வாயைத் துணியால் அடைத்து, காலையில் கேட்டுக்கு உள்ளே வைத்துவிட்டுப் போவார். ஆட்டோ வைத்திருப்பவருக்கு ஒன்று, பம்ப் வைத்திருப்பவருக்கு ஒன்று என்று வீடு வீடாக வரும். எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. அவர் வேலையில் இருந்தவரை அவர் கையோடு வந்தது; அதற்குப் பிறகு மகன் கையோடு வந்தது. நான் அறிவியல் டீச்சர். போட்டிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஆய்வுக்கூடம் எதுவும் தேவைப்படவில்லை. ஆறு வருஷம் என் ஸ்கூட்டர் அதில்தான் ஓடியது. பாட்டிலை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, அவரைத் தெருவில் பார்க்கும்போது "தேங்க்ஸ் மாமா" என்று சொல்வேன்.

பிறகு நான் கார் வாங்கினேன்.

எனக்குப் பெரார்கஞ்ச் பள்ளிக்கூடத்தில் வேலை. வருஷத்தில் பாதிக்கு மேல் மழை பெய்கிற ஊரில், அவ்வளவு தூரம் ஸ்கூட்டரில் போய் ஈரப் புடவையோடு கரும்பலகை முன்னால் நின்று எனக்கு அலுத்துவிட்டது. என் சம்பளம், என் லோன், என் பெயர். சென்னையிலிருந்து கப்பலில் வந்து இறங்க இரண்டு மாதம் காத்திருந்தேன். வண்டி வந்ததும் கூட வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். என் கணவர் சிரித்தார். கார் புத்தகத்தைப் படிக்கிற ஒரே ஆள் இந்தத் தீவிலேயே நீதான் என்றார். இருக்கட்டும். ஒரு சின்னப் பாகம் போனாலும் கப்பலுக்காகக் காத்துக் கிடக்க வேண்டிய ஊரில் வாரன்ட்டிதான் எனக்கு இருந்த ஒரே பிடிமானம். அது மூன்று வருஷம். அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதில் நான் கண்ணும் கருத்துமாக இருந்தேன்.

வண்டி வந்த மறுநாளே மாமா வந்தார். குச்சியை உருவினார், தேய்த்தார், நாக்கில் வைத்தார். முகம் மாறியது.

"தண்ணியா ஓடுது தாயி. உள்ள எண்ணெ கலந்துருச்சு."

போட்டில் ஆயில் நீர்த்துப்போனால் டீசல் கசிந்து அதில் கலந்துவிட்டது என்று அர்த்தமாம். ஆபத்தாம். அவர் கற்றது அது. அதுவரை அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். இந்த வண்டிக்கு ஆயிலே அப்படித்தான் என்று சொல்லப் புத்தகத்தைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டினேன்.

"ஜீரோ டபிள்யூ டுவென்டின்னு போட்டிருக்கு பாருங்க. டபிள்யூன்னா விண்டர். குளிர்ந்து கிடக்கும்போது எவ்வளவு சுலபமா ஓடும்னு அந்த ஜீரோ சொல்லுது. பின்னாடி இருக்கற இருபது, சூடானப்புறம் எவ்வளவு கெட்டின்னு சொல்லுது."

"விண்டரு" என்று என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, அந்தமான்ல நீ விண்டரப் பாத்திருக்கியா? நான் பொறந்ததுலருந்து ஸ்வெட்டர் போட்டதில்ல."

என் கணவரும் சிரித்தார்.

"இன்ஜினுக்கு நம்ம ஊர் காலையே குளிர்தான் மாமா. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில ஆயில் எல்லாம் கீழ இறங்கியிருக்கும். சாவியத் திருப்புன உடனே அது மேல ஏறணும். இந்த இன்ஜின்ல வழியெல்லாம் ரொம்பச் சின்னது. கெட்டி ஆயில ஊத்துனா, விளக்கெண்ணெய ஸ்ட்ரால உறிஞ்சற மாதிரி ஆயிரும்."

எட்டாம் வகுப்புக்குச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். அவர் என் பேச்சு முடியும்வரை அந்த இரண்டு விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"போட்டுல ஊத்துறது நாப்பது நம்பரு ஆயிலு. எம்புட்டுப் பெரிய இன்ஜினு. அதுக்கே சலேகா. இது என்ன, கைப்புள்ள மாதிரி இருக்கு." பிறகு குனிந்து, புத்தகத்தில் அந்த வரியின் மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்தார். "இந்தச் சைபர எவன் போட்டான்?"

விரலை எடுத்தபோது வரி தெரியவில்லை. முழுக் கட்டைவிரலும் ரேகையோடு அங்கே இருந்தது. ரப்பர் வைத்துத் தேய்த்தேன், பவுடர் போட்டு ஒற்றினேன். எண்ணெய் அடுத்த இரண்டு பக்கங்களுக்கும் இறங்கிவிட்டது. அதே பக்கத்தின் அடியில் இருந்த வரியை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்: சொன்னதைத் தவிர வேறு ஆயில் ஊற்றிப் பழுதானால் வாரன்ட்டி கிடையாது.

"வாரன்ட்டி எதுக்கு" என்றார் மாமா. "நான் இருக்கேன்ல."

கார் வந்து ஒரு வருஷம் முடியுமுன் கோடை விடுமுறையில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று மதுரைக்குப் போய் மூன்று வாரம் இருந்தேன். காரை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து முதல் நாள் காலையில் சாவியைத் திருப்பியதும் இன்ஜினுக்குள் கடகடவென்று ஒரு சத்தம். சில நொடிகளில் அடங்கிவிட்டது. நின்றே கிடந்த வண்டி என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் தினமும் காலையில் அதே சத்தம். பத்துப் பன்னிரண்டு நாளில், பெரார்கஞ்ச் போகும் வழியில் ஒரு மேட்டில் வண்டி இழுக்கவில்லை. முன்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஓரங்கட்டிக் குச்சியை உருவினேன். சொட்டு கீழே விழவே இல்லை, தொங்கிக்கொண்டு நின்றது. வாசனை எனக்குத் தெரிந்த வாசனை. ஆறு வருஷமாக எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் துணி அடைத்த பாட்டிலிலிருந்து வந்த வாசனை.

அன்று சாயங்காலம் என் கணவருக்கு டீ கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவராகவே சொன்னார்.

"மாமா வந்து பாத்தாரு. ஆயில் ரொம்பத் தண்ணியா இருக்கு, டீச்சர் வர்றதுக்குள்ள மாத்தி வச்சிருவோம், சந்தோசப்படும்னாரு."

"யார் மாத்துனது?"

"அவருதான். கீழ படுத்து நட்டக் கழட்டி எல்லாம் அவரே செஞ்சாரு. நான் டப்பாவ மட்டும்தான் புடிச்சேன்."

"உள்ள இருந்த நல்ல ஆயில்?"

கணவர் டீயைப் பார்த்தார். "அவரு எடுத்துட்டுப் போயிட்டாரு. தையல் மெஷினுக்கு ஆகும்னாரு."

எனக்கு அழுகை வரவில்லை. என் வண்டியின் கீழே அந்த மனிதர் மல்லாந்து படுத்திருந்ததையும், அந்த விரல்கள் உள்ளே போனதையும், எல்லாம் முடிந்து நாக்கில் வைத்து உப்பு இல்லை என்று சொல்லியிருப்பார் என்பதையும் நினைத்தேன். எழுந்துபோய் அவர் வீட்டுக் கேட்டில் நின்றேன்.

மகன் டியூட்டிக்குப் போகக் கிளம்பி நின்றிருந்தான், நீல நிற வேலைச் சட்டையில். மாமா கைலியோடு வெளியே வந்தார்.

"என் கார்ல ஆயில மாத்துனீங்களா மாமா?"

"நானா? நான் எதுக்குத் தாயி மாத்துறேன்? தண்ணியா இருக்குன்னு பாத்துச் சொன்னேன். ஊத்துனது ஒன் வீட்டுக்காரரு."

"அவர் டப்பாதான் புடிச்சாராம்."

"அப்பப் புடிச்சவரத்தான கேக்கணும்?"

மகனைப் பார்த்தேன். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமா எங்கள் வீட்டு வாசலில் நின்ற என் ஸ்கூட்டரைக் காட்டி, "அது எப்புடி ஓடுது? நல்லாத்தான ஓடுது?" என்றார்.

காரை இழுத்துக்கொண்டு கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். அங்கே வேலைகளை எழுதிக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசர் ஒரு தெலுங்குக்காரர். எங்களுக்குள் பேச்சு இந்தியில்தான். இரண்டு நாள் கழித்து ஸ்கூட்டரில் போய்க் கேட்டேன். வால்வுகள் எப்போது திறக்க வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்ளும் பாகத்துக்குக் கெட்டி ஆயில் ஏறவில்லை, அது கெட்டுவிட்டது, உள்ளே தேய்மானமும் இருக்கிறது, சாமான் கப்பலில் வர வேண்டும் என்றார். ஒரு சின்ன பாட்டிலில் என் வண்டியின் ஆயிலை எடுத்து வைத்திருந்தார். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"மேடம், யே காடி கா ஆயில் நஹீ ஹை. போட் கா ஹை."

கார் ஆயிலே இல்லை, போட் ஆயில் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். இந்த ஊரில் வேலை செய்கிறவர்தானே. பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். யார் ஊற்றியது, எங்கிருந்து வந்த ஆயில், உரிமையாளருக்குத் தெரிந்து நடந்ததா. தெரியாமல் வெளியாள் ஊற்றியிருந்தால் பெயரோடு எழுதிக் கொடுங்கள், போலீஸ் புகார் நகலும் வையுங்கள், கம்பெனி இரக்கம் காட்ட வாய்ப்பு இருக்கிறது என்றார். நீங்களே ஊற்றியதாக எழுதினால் அத்தோடு முடிந்தது, மூன்று வருஷ வாரன்ட்டியும் போய்விடும்.

"சோச் கே லிகியே, மேடம்" என்றார். யோசித்து எழுதுங்கள். அவருக்கும் விஷயம் புரிந்திருந்தது. போட் ஆயில் எங்கிருந்து வந்தது என்று எழுதினால் விசாரணை எந்த வீட்டு வாசலுக்குப் போகும் என்று யாருக்குத்தான் தெரியாது.

அந்தப் படிவ விஷயம் எப்படியோ எங்கள் லைனுக்கும் எட்டிவிட்டது. அன்று மாலை மாமா வந்தார். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். எதையும் தொடாமல் அவர் எங்கள் வீட்டில் நின்றது அந்த ஒரு நாள்தான்.

"தாயி, எழுதிக்கிழுதிக் குடுத்துராத. பயலுக்கு வேல போயிரும்."

"நான் எழுதல மாமா. நீங்கதான் ஊத்துனீங்கன்னு எங்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

நான் மனதாரத்தான் கேட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு வாரன்ட்டியை விட்டுக்கொடுக்க அப்போது தயாராக இருந்தேன். சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

"நாப்பது நம்பரு தப்பான ஆயில் இல்ல தாயி" என்றார். "அந்த வண்டிதேன் வீக்கு."

படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, ஆறுதல் சொல்பவர் மாதிரி, "வாரன்ட்டி போனாப் போகுது. நான் இருக்கேன்ல" என்றார்.

எத்தனையோ அருவருப்புகளைப் பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் பள்ளிக் கழிப்பறையை நின்று கழுவ வைத்திருக்கிறேன். அந்த வாக்கியத்துக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன். அன்று ராத்திரி எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் பெயர், மகன் பெயர், எல்லாம்.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ப் படிவத்தை எடுத்து உட்கார்ந்தேன். முதல் வரியில் என் பெயர், வண்டி எண். அடுத்து, யார் ஊற்றியது. அதை விட்டுவிட்டு முதலில் எங்கிருந்து வந்த ஆயில் என்பதை எழுதலாம் என்று பேனாவை வைத்தேன். எங்கிருந்து என்று எனக்கு எப்போது தெரியும்? ஆறு வருஷமாகத் தெரியும். மகன் சட்டைக்குள் மறைத்து அந்த பாட்டிலைக் கொண்டுவந்தது என் ஸ்கூட்டருக்கும்தான். அவன் வேலை போனால் என் ஸ்கூட்டர் குடித்து முடித்த பங்கை யார் எழுதுவது? அவர் 'நான் ஊற்றவில்லை' என்று சொல்கிறார். நான் 'எனக்குத் தெரியாமல் நடந்தது' என்று எழுதப்போகிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்ததும் அவர் மேல் இருந்த குமட்டல் குறையவில்லை. என் மேலும் சேர்ந்துகொண்டது.

அட்வைசர் எதிரில் உட்கார்ந்து, கம்பெனிக்குப் படம் அனுப்ப வண்டிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். ஆயில் பக்கத்தைப் பிரித்தார். ஜீரோ டபிள்யூ டுவென்டி இருந்த இடத்தில் அந்தக் கறுப்புக் கட்டைவிரல், ரேகை ரேகையாக. இது யாருடைய கட்டைவிரல் என்று கேட்டார்.

"யே கிஸ்கா அங்கூட்டா ஹை, மேடம்?"

"மேரா" என்றேன், என்னுடையது என்று.

அவர் மேஜை மேல் இருந்த என் கையைப் பார்த்தார். சாக்பீஸ் பிடித்துப் பிடித்துத் தோல் உரிந்த சின்னக் கட்டைவிரல். அந்த ரேகைக்குள் இரண்டு முறை அடங்கும். புத்தகத்தை மூடினார். நான் யார் ஊற்றியது என்ற வரியில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் வாரன்ட்டி ரத்து என்று சீல் குத்தி, ஒரு நகலை என்னிடம் கொடுத்தார்.

வெளியே வந்து ஸ்கூட்டரில் சாவி போட்டேன். அதற்குள் அப்போதும் அவர் ஆயில்தான் இருந்தது. பட்டனை ஒருமுறைதான் தொட்டேன், உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது.